ஆலோசனையும் மௌனமும்

2016 பிப்ரவரியில் நான் ஜொகூரில் முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஹாஸ்டலில் எழுந்து கைப்பேசியைப் பார்த்தால், குடும்ப வாட்ஸாப் குழுவில் அப்பா ஒரு செய்தியைப் போட்டிருந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குத் தமிழர் ஒருவர் நீதிபதியாக வரப்போகிறாராம். ஸ்ரீ சீனிவாசன். சண்டிகரில் பிறந்து கன்சாஸில் வளர்ந்தவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரம். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். சித்தப்பா "நம்ம ஆளு" என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு மாதம் கழித்து அதிபர் ஒபாமா வேறொருவர் பெயரை அறிவித்தார். குழுவில் அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. நம்ம ஆள் இல்லையென்றால் அது நம்ம செய்தி இல்லை, அவ்வளவுதான்.

அந்த வேறொருவர் மெரிக் கார்லண்ட். அவருக்கு என்ன ஆனது என்று பல வருடங்களுக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வைத்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். 1962இல் ஆட்டோ பிரமிங்கர் இயக்கிய 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்'. அதைப் பார்த்த பிறகு, அதற்கு மூலமான ஆலன் ட்ரூரியின் நாவலைத் தேடிப் படித்தேன். 1959இல் வெளியாகி அடுத்த வருடம் புலிட்சர் பரிசு வாங்கிய நாவல். அறுநூறு பக்கங்களுக்கு மேல். படிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதில் பாதி நாட்கள் புத்தகம் சைட் அலுவலக மேசையில் ஹெல்மெட்டுக்கு அடியில்தான் கிடந்தது.

படத்தின் கதை உச்ச நீதிமன்றத்தைப் பற்றியது அல்ல. அதிபர் ஒருவர் ராபர்ட் லெஃபிங்வெல் என்பவரை வெளியுறவு அமைச்சராக முன்மொழிகிறார். செனட் ஏற்கவேண்டும். ஆனால் சட்டம் ஒன்றுதான். அமைச்சர், தூதர், உச்ச நீதிமன்ற நீதிபதி எல்லாரையும் அதிபர் முன்மொழிய, செனட்டின் ஆலோசனையோடும் சம்மதத்தோடும் நியமிக்கவேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. நாவலின் தலைப்பே அந்தச் சொற்றொடர்தான். எத்தனை நாளில் சம்மதம் தரவேண்டும், தராவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

படம் முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விசாரணை அறையில், கட்சி நடைக்கூடத்தில், விருந்தில், ஹோட்டல் அறையில். தென் கரோலினாவின் கிழட்டு செனட்டர் சீப் கூலியாக சார்லஸ் லாட்டன். அவருடைய கடைசிப் படம் இது. உடலை நாற்காலியில் கொட்டிவிட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டு, வாயிலிருந்து தேன் ஒழுகுவதுபோலப் பேசுகிறார், அந்தத் தேனில் விஷம். லெஃபிங்வெல்லை அவருக்குப் பிடிக்காது. பழைய பகை. அதை அவர் மறைப்பதே இல்லை. சாட்சியைக் கூட்டி வருகிறார், அந்த சாட்சி லெஃபிங்வெல் இளம் வயதில் கம்யூனிஸ்ட் குழுவில் இருந்ததாகச் சொல்கிறார். லெஃபிங்வெல்லாக நடிக்கும் ஹென்றி ஃபோண்டா, சத்தியப் பிரமாணத்தின் கீழ் அந்த ஆளைப் பொய்யனாக்கி, மனநோயாளி என்று காட்டி, நொறுக்கிப் போடுகிறார். அந்த ஆள் சொன்னது உண்மை என்று நமக்குப் பிறகுதான் தெரிகிறது. நல்லவன் முகம் கொண்ட ஃபோண்டாவைப் பொய் சொல்ல வைத்ததுதான் பிரமிங்கரின் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. விசாரணையை நடத்தும் துணைக்குழுவின் தலைவர், யூட்டா மாநில இளம் செனட்டர் பிரிக் ஆண்டர்சன். உண்மை தெரிந்ததும் அவர் விவகாரத்தைத் தன் கையிலேயே நிறுத்தி வைக்கிறார். பெயரைத் திரும்பப் பெறுங்கள் என்று அதிபரிடமே போய்ச் சொல்கிறார். அதிபர் மறுக்கிறார். ஆண்டர்சன் விடமாட்டேன் என்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் விலை பயங்கரம். போர்க்காலத்தில் இன்னொரு ஆணோடு இருந்த உறவை எடுத்து மிரட்டுகிறார்கள். அவர் தன் அலுவலகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். கடைசியில் வாக்கெடுப்பு. ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொருவராக ஆம், இல்லை என்று சொல்ல, வாக்குகள் சமமாகின்றன. முடிவு துணை அதிபர் கையில். அந்த நேரம் பார்த்து அதிபர் இறந்துபோன செய்தி துண்டுச்சீட்டாக வருகிறது. துணை அதிபர் தன் வாக்கைப் போடவில்லை. நியமனம் தோற்கிறது.

நாவலில் முடிவு வேறு மாதிரி, அங்கே தோல்வி தெளிவானது. ட்ரூரி செனட்டைப் பல வருடம் நேரில் பார்த்து எழுதிய நிருபர். அதனால் அந்தக் கட்டடத்தின் வாசனை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஆனால் பனிப்போர்க் கால வலதுசாரி. சோவியத்தோடு பேசலாம் என்று யார் சொன்னாலும் அவருக்கு அவன் முட்டாள், இல்லாவிட்டால் துரோகி. உரைநடையும் கனம். ஒரு செனட்டர் ஒரு வாசலைக் கடப்பதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்வார். இருந்தாலும் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. நாவல் ஐந்து பகுதிகள் கொண்டது. முதல் நான்கும் நான்கு செனட்டர்களின் பெயரில்: பாப் மன்சன், சீப் கூலி, பிரிகம் ஆண்டர்சன், ஓரின் நாக்ஸ். ஐந்தாவது, நாவலின் தலைப்பையே தாங்கிய பகுதி. லெஃபிங்வெல் பெயரில் ஒரு பகுதியும் இல்லை. யாருக்காக இத்தனை பேரும் அடித்துக்கொள்கிறார்களோ, அவனுக்கு ஒரு புத்தகம் இல்லை. ட்ரூரி அதைத் திட்டமிட்டுச் செய்தாரா, வெறுப்பில் செய்தாரா தெரியாது. ஆனால் சரியாகச் செய்தார். முன்மொழியப்படுகிறவன் மற்றவர்களின் கதையில் ஒரு காரணம் மட்டுமே.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கார்லண்ட் விவகாரத்தைப் படித்தேன்.

2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி அன்டனின் ஸ்காலியா டெக்சஸில் ஒரு பண்ணை விடுதியில் இறந்து கிடந்தார். 1986இல் ரேகன் முன்மொழிந்து, ஒருவர்கூட எதிர்க்காமல் 98க்கு 0 என்று செனட் ஏற்றுக்கொண்ட மனிதர். பழமைவாதிகளின் அறிவுத் தூண். அவர் இல்லாவிட்டால் நீதிமன்றம் நாலுக்கு நாலு. அன்று மாலையே செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் ஓர் அறிக்கை விட்டார். அதிபர் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது மாதம். அடுத்த நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் மக்களுக்கும் குரல் இருக்கவேண்டும், ஆகவே புதிய அதிபர் வரும்வரை இந்த இடத்தை நிரப்பக்கூடாது என்பது சாரம். பெயர் எதுவும் முன்மொழியப்படவில்லை. முன்மொழியப்போவது யார் என்றே தெரியாது. யாராக இருந்தாலும் இல்லை.

பத்து நாளில் நீதித்துறைக் குழுவின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பதினோரு பேரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2017 ஜனவரி 20க்கு முன் யாருக்கும் விசாரணை நடத்தமாட்டோம். மார்ச் 16 அன்று ரோஜாத் தோட்டத்தில் ஒபாமா கார்லண்டை நிறுத்தினார். பேசும்போது கார்லண்டின் குரல் உடைந்தது. 63 வயது. நம்ம சீனிவாசன் உட்கார்ந்திருந்த அதே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பு வழக்கை மேற்பார்வை செய்தவர். குடியரசுக் கட்சிக்காரர்களே பாராட்டிய மிதவாதி. ஒபாமா கணக்குப் போட்டுத்தான் அவரை எடுத்தார்: இவரை வேண்டாமென்று சொல்லக் காரணம் தேடிக் களைத்துப்போவார்கள் என்று. அந்தக் கணக்கில் ஒரு பிழை. காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இருந்தால்தானே தேடவேண்டும்.

அப்புறம் நடந்தது எதுவும் இல்லை. இந்த 'எதுவும் இல்லை'யை எழுதுவதுதான் கஷ்டம். கார்லண்ட் செனட்டர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். சிலர் பார்க்கவே மறுத்தார்கள். குழுத் தலைவர் சக் கிராஸ்லி அவருடன் காலை உணவு சாப்பிட்டார். ஏன் விசாரணை கிடையாது என்று சாப்பாட்டு மேசையில் விளக்கினார். விருந்தோம்பலில் குறையில்லை. கன்சாஸ் செனட்டர் ஜெர்ரி மோரன் மட்டும் ஊர்க் கூட்டமொன்றில், நம் வேலையைச் செய்யவேண்டும், விசாரணை நடக்கவேண்டும் என்று சொன்னார். சொந்தக் கட்சி அமைப்புகள் பாய்ந்தன. சில நாட்களில் வாபஸ். இல்லினாய் செனட்டர் மார்க் கர்க் வானொலியில், தைரியமா வந்து ஓட்டைப் போடுங்கப்பா என்கிற தொனியில் தன் சகாக்களைச் சீண்டினார். யாரும் அசையவில்லை. மே மாதம் கார்லண்ட் வழக்கமான கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினார். தன் தீர்ப்புகள், உரைகள், கட்டுரைகள், வருமானம் எல்லாம் பட்டியலிட்ட, நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணம். யாரும் கேட்காத கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள்.

293 நாட்கள். அதற்கு முன் இருந்த பதிவு 1916இல் லூயி பிராண்டைஸுடையது, 125 நாட்கள். பிராண்டைஸை யூதர் என்றும் தீவிரவாதி என்றும் பணமுதலைகள் எதிர்த்தார்கள், கேவலமான சண்டை, ஆனால் கடைசியில் 47க்கு 22 என்று வாக்கெடுப்பு நடந்தது. கார்லண்டின் பெயர் 2017 ஜனவரி 3 அன்று அந்தச் செனட்டின் ஆயுள் முடிந்தபோது தானாகக் காலாவதியானது. பால் பாக்கெட் மாதிரி.

விமர்சகனாக எனக்குக் கிடைக்கும் பிரதிகள் இரண்டே இரண்டு: மெக்கானலின் அறிக்கை, பதினோரு பேர் கடிதம். இரண்டிலும் வினைக்கு எழுவாய் யார் என்று பாருங்கள். மறுப்பவர்கள் செனட்டர்கள், ஆனால் வாக்கியத்தின் நடுவில் நிற்பது மக்கள். மக்கள் தீர்மானிக்கட்டும். தன் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு மக்களின் கையைத் தூக்கிக் காட்டுவது. நமக்கு இது புதுசு இல்லை, எந்த நாட்டு அரசியல்வாதியும் முடிவெடுக்க விரும்பாதபோது மக்களைத்தான் கூப்பிடுவான். ஆனால் மக்கள் 2012இல் ஒபாமாவை நான்கு வருடத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு அல்ல.

எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். 1992இல் செனட்டர் பைடன், தேர்தல் முடியும்வரை புதிய நியமனத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது என்ற பொருளில் செனட்டில் பேசியிருக்கிறார். அப்போது காலியிடமே இல்லை, வெறும் பேச்சு, ஆனாலும் பேச்சுதான். 2013இல் கீழ் நீதிமன்ற நியமனங்களுக்கு ஃபிலிபஸ்டர் தடையை உடைத்தது ஜனநாயகக் கட்சி. யார் முதலில் கல்லெறிந்தது என்று தோண்டினால் பிராண்டைஸ் காலத்தையும் தாண்டிப் போகலாம். 2020இல் ரூத் கின்ஸ்பர்க் செப்டம்பர் 18 அன்று இறந்ததும், அதே மெக்கானல், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, அக்டோபர் 26 அன்று, 52க்கு 48 என்று ஏமி பேரட்டை உட்கார வைத்தார். செனட்டும் அதிபரும் ஒரே கட்சியாக இருந்தால் இந்த விதி பொருந்தாது என்றார்கள். அந்த நிபந்தனை 2016 உரைகளிலும் அங்கங்கே இருந்ததுதான், நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் அப்போது மேலே பறந்த கொடி 'மக்கள்'. இரட்டை வேடம் என்று திட்டி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. வேடம் போடுகிறவன்கூட மேடைக்கு வரவேண்டும். 2016இல் மேடையே இல்லை.

1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஃபெடரலிஸ்ட் 76ஆம் கட்டுரையில் இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துகிறார். செனட் சும்மா மறுத்துக்கொண்டிருக்காது, ஏனென்றால் ஒருவரை மறுத்தால் அடுத்து வருபவர் தங்களுக்குப் பிடித்தவராக இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பது அவர் வாதம். புத்திசாலி மனிதர். ஆனால் அவர் மனதில் இருந்தது அதே அதிபர் இரண்டாவது பெயரை அனுப்புவது. பெயரை மறுக்காமல் அதிபரையே காத்திருந்து கழிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வால்வு எந்தப் பக்கம் கசியும் என்று வடிவமைத்தவனுக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

இன்ஜினியர் என்பதால் என் புத்தி வேறு இடத்துக்குப் போகிறது. எங்கள் வேலையில் சப்மிட்டல் என்று ஒன்று உண்டு. நாம் வாங்கப்போகிற பம்ப்போ கேபிளோ, அதன் விவரங்களைக் கட்டிக் கன்சல்டன்ட்டுக்கு அனுப்புவோம். அவர் பார்த்து ஒரு முத்திரை குத்தி அனுப்பவேண்டும். ஏற்கப்பட்டது, குறிப்புகளோடு ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, திருத்தி அனுப்பு. நிராகரிப்பு வந்தால் சைட்டில் யாரும் அழமாட்டோம். காரணம் எழுதியிருக்கும். இரைச்சல் அதிகம், இந்த அழுத்தத்துக்குத் தாங்காது, என்று ஏதாவது. வேறு பம்ப் தேடுவோம். ஒருமுறை ஒரு சப்மிட்டல் ஏழு வாரம் திரும்பவே இல்லை. கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிணற்றில் போட்ட கல். வேறு பம்ப்பும் தேட முடியாது, இதையும் வாங்க முடியாது. கடைசியில் தாமதத்துக்கான பழி எங்கள் தலையில்தான் விடிந்தது, ஏனென்றால் காகிதத்தில் யாரும் எதையும் மறுக்கவில்லை. தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: கிடப்பில் போடுவது. மறுப்பதும் இல்லை, ஏற்பதும் இல்லை, கிடக்கவிடுவது.

சில ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும். அதாவது, மௌனம் சம்மதம். (மம்மூட்டி வக்கீலாக வந்த 1990 படத்தின் தலைப்பும் அதுதான், கார்லண்டுக்கு அப்படி ஒரு வக்கீல் அமையவில்லை.) வேடிக்கை என்னவென்றால், 2016இல் அமெரிக்காவிலேயே ஒருவர் இந்த வாதத்தை வைத்தார். செனட் நியாயமான காலத்துக்குள் வாய் திறக்காவிட்டால் தன் உரிமையைக் கைவிட்டதாகக் கருதி, ஒபாமா கார்லண்டை நேராக நியமித்துவிடலாம் என்று வழக்கறிஞர் ஒருவர் வாஷிங்டன் போஸ்டில் எழுதினார். ஒபாமா அந்தப் பக்கமே போகவில்லை. செனட்டை வாக்கெடுக்கச் சொல்லி ஒரு வழக்கும் போடப்பட்டது. வழக்குப் போட்டவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று தள்ளுபடி ஆனது. அவர்களுடைய அரசியலமைப்பில் மௌனம் மௌனம்தான். அதற்கு அர்த்தம் கொடுக்கும் அதிகாரம் மௌனமாக இருப்பவனிடமே இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் மாமாக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் படித்தவன். "டேய், அப்போ 54 பேர் குடியரசுக் கட்சி, 46 பேர் எதிர்ப்பக்கம். விசாரணை வச்சு ஓட்டுப் போட்டிருந்தாலும் தோத்திருப்பாரு. முடிவு ஒண்ணுதானே? எதுக்கு இந்த ஒப்பாரி?" என்றான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தே தாரேக்குக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பதில் ராபர்ட் போர்க்கிடம் இருந்தது. 1987இல் ரேகன் போர்க்கை முன்மொழிந்தார். அறிவாளி, கறாரான பழமைவாதி. அன்றைக்கே எட்வர்ட் கென்னடி செனட்டில் எழுந்து, இந்த ஆள் வந்தால் அமெரிக்கா எப்படியெல்லாம் இருண்டுபோகும் என்று ஓர் உரை ஆற்றினார். மிகைப்படுத்தல் நிறைந்த, நியாயமில்லாத, அபாரமான உரை. ஆனால் அதன் பிறகு போர்க் ஐந்து நாள் குழுவின் முன் உட்கார்ந்தார். தனியுரிமை என்று அரசியலமைப்பில் எங்கே இருக்கிறது, சம உரிமைச் சட்டங்களைப் பற்றி முன்பு எழுதியதை இப்போதும் நம்புகிறாரா, எல்லாம் கேட்டார்கள். அவரும் மழுப்பாமல் பதில் சொன்னார், அதுதான் அவரைக் கவிழ்த்தது. 42க்கு 58. ஆறு குடியரசுக் கட்சிக்காரர்கள் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள், இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஆதரவாக. கட்சிக் கோடு கலைந்திருக்கிறது. பேசினால் கலையும். கேட்டுக்கொண்டிருக்கிறவன் மனம் மாற ஒரு சின்ன வாய்ப்பாவது இருக்கும். மோரன் ஒருநாள் சொன்னாரே, அந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. பெயர் வாசிக்கப்படவில்லை. போர்க்குக்குப் பின் இன்னொரு பெயர் விலகிப்போக, மூன்றாவதாக வந்தவர் அந்தோணி கென்னடி. அவரை 97க்கு 0 என்று ஏற்றார்கள். அது 1988 பிப்ரவரி, அதிபர் தேர்தல் வருடம். அந்தக் கென்னடிதான் 2015இல் ஒரே பாலினத் திருமண உரிமைத் தீர்ப்பை எழுதியவர். சொல்லப்பட்ட ஒரு 'இல்லை'யிலிருந்து இவ்வளவும் முளைத்தது.

ஆனால் நண்பனுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பேச்சு ஒன்றும் புனிதமானது இல்லை. போர்க்கைக் கிழித்த விதம் இன்றுவரை ஒரு தரப்பின் காயம். ஆங்கிலத்தில் அவர் பெயரே ஒருவரைத் திட்டமிட்டுச் சிதைப்பதற்கான வினைச்சொல்லாகிவிட்டது. 2018இல் கவனோ விசாரணையை நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்த அறையில் யாரும் சுத்தமாக வெளியே வரவில்லை என்று தெரியும். பிரமிங்கரின் படத்திலும் விசாரணை அறைதான் ஒரு அப்பாவி சாட்சியை மனநோயாளியாக்குகிறது. கார்லண்ட் அந்த அறைக்குள் போகாததால் காயமில்லாமல் தப்பித்தார் என்றுகூட வாதிடலாம். நான் அதை முழுக்க மறுக்கமாட்டேன். ஆனாலும் படத்தில் ஆண்டர்சன் ஒரு நியமனத்தை நிறுத்தி வைக்கும்போது அவருக்குத் தூக்கம் போகிறது, மனைவியிடம் பேச்சு போகிறது, கடைசியில் உயிரே போகிறது. நிறுத்துகிறவன் மேல் ஒரு பாரம் இருக்கிறது என்று அந்தப் படம் நம்புகிறது. 2016இல் பாரம் பதினோரு கையெழுத்தாகப் பிரிந்து, யார் தோளிலும் விழாமல் காற்றில் கரைந்தது. கிராஸ்லி நவம்பரில் அயோவாவில் எளிதாக மீண்டும் வென்றார். ஓட்டைப் போடுங்கள் என்று சொன்ன கர்க் தோற்றார். (இல்லினாய் வேறு கட்சியின் கோட்டை, அவர் எப்படியும் தோற்றிருப்பார். இருந்தாலும் கண்ணில் படுகிறது.) மெக்கானல் ஆகஸ்ட்டில் கென்டக்கியில் ஒரு கூட்டத்தில், ஒபாமாவின் கண்ணைப் பார்த்து இந்த இடத்தை நீங்கள் நிரப்பப்போவதில்லை என்று சொன்னது தன் பெருமையான தருணங்களில் ஒன்று என்றார். கார்லண்டின் கண்ணைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்று அந்த உரையில் இல்லை. ட்ரூரியின் நாவலைப் போலவே.

இதற்கிடையில் நீதிமன்றத்தில் ஸ்காலியாவின் நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மரபு அது. பிறகு துணியை எடுத்தார்கள், எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். கலிஃபோர்னியா ஆசிரியர்கள் வழக்கு ஒன்று. சங்கத்தில் சேராத ஆசிரியரிடமும் சங்கம் கட்டணம் வசூலிக்கலாமா என்பது கேள்வி. ஜனவரியில் வாதம் நடந்தபோது ஸ்காலியா உட்கார்ந்திருந்தார், சங்கம் தோற்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மார்ச் 29 அன்று தீர்ப்பு வந்தது. ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் ஒன்பதே சொற்கள்: நீதிமன்றம் சமமாகப் பிரிந்திருப்பதால் கீழ்த் தீர்ப்பு நிற்கிறது. ஜூன் 23 அன்று அதே ஒன்பது சொற்கள் மீண்டும். இந்த முறை, நான்கு மில்லியனுக்கும் மேற்பட்ட ஆவணமில்லாக் குடியேறிகளுக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு தரும் ஒபாமாவின் திட்டம் அதோடு முடங்கியது. ஏன், எதற்கு, யார் எந்தப் பக்கம், எதுவும் எழுதப்படவில்லை. இப்படிப் பிரிந்த தீர்ப்பு முன்னுதாரணமும் ஆகாது.

நீதிமன்றத் தீர்ப்பை நான் ஒரு இலக்கிய வகையாகவே பார்க்கிறேன். தோற்றவனுக்கு எழுதப்படும் கடிதம் அது. வென்றவனுக்குக் காரணம் தேவையில்லை, வீட்டுக்குப் போய்விடுவான். தோற்றவன்தான் உட்கார்ந்து படிப்பான். இரண்டு பிள்ளைகளோடு டெக்சஸில் ஏதோ ஒரு சமையலறையில் வேலை செய்கிற ஒரு தாய் அந்த ஒன்பது சொற்களில் என்ன படித்திருப்பாள்? செனட்டின் மௌனம் வழிந்து நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டணக் கேள்வி 2018இல் வேறொரு வழக்காகத் திரும்ப வந்தது. அதற்குள் ஸ்காலியாவின் நாற்காலியில் நீல் கோர்சச். 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் ஃபிலிபஸ்டரை உடைத்து, மறுநாளே 54க்கு 45 என்று அவரை ஏற்றியிருந்தார்கள். இப்போது ஐந்துக்கு நாலு. நாற்பது வருடத் தீர்ப்பு கவிழ்ந்தது, சங்கங்கள் தோற்றன. இம்முறை பக்கம் பக்கமாகக் காரணம் இருந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனால் படித்துச் சண்டை போட முடிகிறது.

நம்ம ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இங்கே நியமனக் குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடும். கேள்வி கேட்கும் அறையே பொதுவில் இல்லை. 2025 ஜூலையில் தலைமை நீதிபதியும் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவரும் அடுத்தடுத்த நாளில் ஓய்வுபெற்று, அந்த இடங்களுக்கு யார் என்று அறிவிப்பு வராமல் இருந்தபோது, வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் வெயிலில் நடந்தார்கள். அவர்கள் கேட்டதும் ஒரு பதிலைத்தான். ஜனங்கள் அன்றைக்கு அதை ட்ராஃபிக் ஜாம் செய்தியாகவே பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஒரு நாவலாசிரியர் கார்லண்ட் கதையை எழுத உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். ட்ரூரிக்குக் கிடைத்த எதுவும் அவருக்குக் கிடைக்காது. விசாரணைக் காட்சி இல்லை. வில்லனின் உரை இல்லை. பெயர் வாசிக்கும் கடைசி அத்தியாயம் இல்லை. ஒரு காலை உணவு இருக்கிறது, ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 293 காலண்டர் தாள்கள் இருக்கின்றன. லாட்டனுக்கு இந்தக் கதையில் வேலையே கிடையாது. ஒருவேளை அந்த மூன்றாவது மாதத்து மனிதனிலிருந்து தொடங்கலாம்: கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறான், யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவனுக்கு ஓரளவு தெரியும், இருந்தும் நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு கட்டுரையின் தேதியைச் சரிபார்க்கிறான்.

கார்லண்ட் பழைய நீதிமன்றத்துக்கே திரும்பினார். 2020இல் அவருடைய தலைமை நீதிபதி காலம் முடிய, அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்ரீ சீனிவாசன். இந்தச் செய்தி எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு வந்தது, கைகூப்பல்களும் வந்தன. 2021 ஜனவரியில் பைடன் அரசில் கார்லண்ட் சட்டத் தலைவராக முன்மொழியப்பட்டார். இந்த முறை விசாரணை நடந்தது, பெயர்கள் வாசிக்கப்பட்டன. 70க்கு 30. ஆம் என்று சொன்னவர்களில் மெக்கானலும் ஒருவர்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கார்லண்டை நினைவில்லை, சீனிவாசனைச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

"அப்போ நல்ல மனுசன்தான்யா அவரு. பின்ன ஏன் அன்னைக்கு வேணாம்னாங்க?"

"வேணாம்னு யாரும் சொல்லலப்பா" என்றேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், சாப்பாடு ஆறுது, வந்து சாப்பிடு என்று எழுந்து போனார்.